இடுப்பில் இருந்த இரும்பு

அலிபிரி என்னும் பெயர் 'அடிப்புளி' என்பதன் திரிபு என்று பெரியோர் சொல்வர். திருமலையின் அடிவாரத்தில் நின்ற ஒரு புளியமரத்தின் நிழலில், பெரிய திருமலை நம்பி தம் மருகராகிய இராமானுசருக்கு இராமாயணத்தின் பொருளை உரைத்தார் என்பது வைணவ மரபு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகக் காட்டிய மலையின் காலடியில், இன்று தமிழ் பேசும் நாம் குடியேறியவர்களாக வாழ்கிறோம். எம் பாட்டனார் ஆரணியில் தறியை விட்டுவிட்டு வந்து, கீழ்த்திருப்பதியில் பாத்திரக் கடை வைத்தவர். மூன்று தலைமுறையாகியும் வீட்டில் தமிழ், வாசலில் தெலுங்கு, மருத்துவமனையில் இரண்டும் கலந்து எதுவும் முழுமையாக இல்லாத ஒரு மொழி. இந்தக் கடைசி மொழியைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலிபிரியைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் படிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். பாதால மண்டபத்தில் பித்தளைப் பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம் வருவது, 3,550 படிகள், இடையில் காலி கோபுரம், முடிவை நெருங்கும்போது முழங்காலைச் சோதிக்கும் 'மோகாள்ள மெட்டு'. முழங்காலுக்கென்று ஓர் ஏற்றத்துக்குப் பெயர் வைத்த நம் மக்கள் இடுப்பை நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் உடலின் பாரத்தை முதுகுத்தண்டிடமிருந்து வாங்கிக் கால்களிடம் ஒப்படைப்பது இடுப்பெலும்பு அன்றோ? இக்கட்டுரை அவ்வெலும்பைப் பற்றியது. அது முறிந்தால் பிணைப்பதற்கு வைக்கும் உலோகத்தைப் பற்றியது. அவ்வுலோகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே சில வேளைகளில் மூளும் பகையைப் பற்றியது. சங்கத்து மலரில் எழுதத் தகுந்த பொருள்தானா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். இவ்வகை முகச்சுளிப்புக்கு அஞ்சியே எம் தமக்கையின் கணவர் ஓராண்டுக்கு மேல் வாய் திறவாமல் துன்புற்றார். ஆதலின் எழுதுகிறோம்.

மாமா (தமக்கையின் கணவரை எம் வீட்டில் அப்படித்தான் அழைப்போம்) சித்தூர்ப் பக்கத்தில் மாங்கூழ் செய்யும் ஆலை ஒன்றில் கணக்கெழுதி வந்தவர். மாம்பழப் பருவத்தில் அவருக்கு இரவு பகல் கிடையாது. 2009ஆம் ஆண்டு கோடையில், ஆலையிலிருந்து இருசக்கர வண்டியில் திரும்பும்போது, பழம் ஏற்றிவந்த லாரி ஒன்று திரும்பியதில் வண்டியோடு சாய்ந்தார். தலைக்கும் கைகால்களுக்கும் பெரிய காயமில்லை. ஆனால் எழுந்து உட்கார இயலவில்லை. இடுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டாற்போல் இருக்கிறது என்று அவர் சொன்னாராம். அது உவமையன்று என்பது எக்ஸ்-ரே வந்தபின் விளங்கிற்று.

அவருடைய தாயார் முதலில் கேட்டது புத்தூரைத்தான். "புத்தூருக்குக் கொண்டு போங்கப்பா, கட்டுக் கட்டினால் நாற்பது நாளில் நடப்பான்" என்று அழுதார். அதில் வியப்பில்லை. திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் வழியில் உள்ள புத்தூரை அடுத்து, ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகின்றனர். பச்சிலை விழுது, முட்டையின் வெண்கரு, மூங்கில் சிம்பு, துணி, இவ்வளவே அவர்தம் கருவிகள். சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மக்கள் நாடி வந்த கட்டு அது. எம் தந்தையாரின் முன்கை அங்கேதான் கூடிற்று. அக்கலையை இகழ எமக்கு மனமில்லை. ஆயினும் கைக்கும் காலுக்கும் சுற்றி மூங்கில் வைக்கலாம். உடலின் நடுவே, குடலையும் நீர்ப்பையையும் சூழ்ந்து கிடக்கும் எலும்புக்கு மூங்கிலை எங்கே வைப்பது? பழைய சுசுருத நூலும், இடுப்பின் தட்டையெலும்பு பிளந்தவர்களையும் முன்னிடுப்பு நொறுங்கியவர்களையும் மருத்துவன் கைவிடத்தக்கோர் பட்டியலில் வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பைக் கல்லைக் கத்தியால் அறுத்தெடுக்க வழி சொன்ன அதே நூல், இடுப்பு முறிவின் முன் கைகட்டி நின்றது. கொடுமையன்று அது, தம் எல்லையை அறிந்த நேர்மை என்றே கொள்ள வேண்டும்.

இடுப்பெலும்பு என்று ஒருமையில் சொல்கிறோமேயன்றி அது ஓரெலும்பு அன்று. பின்னே தண்டின் அடியில் முக்கோண வடிவான திரிகம். இருபுறமும் அகன்ற இரண்டு எலும்புகள். அவை முன்னே வளைந்து வந்து, அடிவயிற்றின் கீழே ஒரு குருத்தெலும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆக, அஃதொரு வளையம். கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைத்துப் பாருங்கள், எளிதில் இயலாது. இவ்வளையமும் அப்படியே, முன்னே பிளந்தால் பின்னேயும் பெரும்பாலும் எங்கேனும் விட்டுக்கொடுத்திருக்கும். மாமாவுக்கு நேர்ந்தது, விரித்து வைத்த புத்தகத்தின் பெயரால் மருத்துவர்கள் குறிக்கும் வகை. முன் இணைப்பு பிரிந்து, இரண்டு பக்கமும் ஏடுகள்போல் அகன்றுவிட்டன.

அம்முன் இணைப்புக்கு நேர் பின்னே, விரல் நுழையும் இடைவெளிக்கு அப்பால், சிறுநீர்ப்பை அமர்ந்திருக்கிறது. இடையில் கொழுப்பு நிறைந்த ஒரு சிறு வெளி. ஆண்டர்ஸ் ரெட்சியஸ் (1796–1860) என்னும் சுவீடன் நாட்டு உடற்கூற்று அறிஞரின் பெயரால் அதை வழங்குகின்றனர். யாம் சொல்லவந்த செய்தி முழுவதும் நிகழ்வது அந்த இடுக்கில்தான். நீர்ப்பையின் கழுத்திலிருந்து இறங்கும் குழாய், ஆடவர்க்கு அவ்வெலும்பின் அடியால் நுழைந்து, இடுப்புத் தளத்தின் தசைகளைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. எலும்பு விலகும்போது அக்குழாயும் இழுபட்டு அறுந்துபோவதுண்டு. பெண்டிர்க்கு அக்குழாய் குட்டையானது; நான்கு சென்டிமீட்டர் அளவே. அதனால் அவர்களுக்கு இவ்விபத்து குறைவு. ஆடவர்க்கோ அதைப்போல் ஐந்து மடங்கு நீளம்.

மாமாவின் அடுத்த கட்டிலில் கிடந்த இளைஞனுக்கு நேர்ந்தது அதுதான். தென்னையிலிருந்து விழுந்தவன். நீர் கழிக்க வேண்டும் என்னும் முட்டல் இருக்கிறது, ஒரு துளி வரவில்லை, முனையில் மட்டும் இரத்தம் கசிந்திருக்கிறது. இந்த அடையாளம் கண்டால் அவசரப்பட்டுக் குழாயை உள்ளே திணிக்கக் கூடாது; பாதி அறுந்ததை முழுதும் அறுத்துவிட நேரும். எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தை மெல்லச் செலுத்திப் படம் பிடித்துப் பார்த்தபின்னரே அடுத்த வேலை. அவனுக்கு அடிவயிற்றில் ஒரு சிறு துளையிட்டு, நீர்ப்பைக்குள் நேரே குழாய் வைத்தார்கள். மூன்று திங்கள் அந்தக் குழாயோடும் தொடையில் கட்டிய பையோடும் அவன் நடமாடினான். பின்னர்த் தழும்பை வெட்டி நீக்கி, அறுந்த இரு முனைகளையும் இணைத்தனர். கைதேர்ந்த மருத்துவரிடம் இவ்வறுவை பெரும்பாலோர்க்கு நல்ல பலன் தருகிறது. அவன் முதன்முதலாக நின்றுகொண்டு சிறுநீர் கழித்த அன்று, அவன் தாய் வார்டு முழுவதும் சர்க்கரை வழங்கினாள் என்று தமக்கை சொல்லக் கேட்டோம். பிள்ளை பிறந்தால் வழங்குவது போல!

இந்த அடிவயிற்றுக் குழாயின் பொருட்டு எலும்பு மருத்துவருக்கும் சிறுநீரக மருத்துவருக்கும் எங்கும் ஒரு சிறு பிணக்கு உண்டு. நீர் வடிய வழி வேண்டும் என்பார் ஒருவர். அந்த வழியாகக் கிருமி வந்து என் தகட்டில் குடியேறும் என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. குழாயைத் தகட்டுக்கு எட்டாமல் உயரத்தில் வைப்பது, கிழிந்த நீர்ப்பையைத் தகடு பொருத்தும் அதே வேளையில் தைத்துவிடுவது என்று இருவரும் கலந்து பேசி வகுத்துக்கொண்ட வழிகள் இருக்கின்றன. கலந்து பேசினால்!

மாமாவுக்கு அந்தக் குழாய் தேவைப்படவில்லை. நீர்ப்பையில் கன்றல் மட்டும் இருந்தது. பிரிந்த முன்னெலும்புகளை இழுத்துச் சேர்த்து, அவற்றின் மேல் விளிம்பில் வளைந்த ஓர் எஃகுத் தகட்டை ஆறு திருகாணிகளால் முடுக்கினார்கள். 'பிளேட் வைத்திருக்கிறார்கள்' என்று நம் ஊர்களில் சொல்லும் செய்தி அதுவே. இம்முறை பழையதன்று. இடுப்பு முறிந்தவரைத் தூளியில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பதே நெடுங்காலம் மருத்துவமாக இருந்தது. முறிந்த எலும்பைத் தகடும் ஆணியும் கொண்டு பிணைக்கும் கலையை ஒழுங்குபடுத்த 1958இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவர் குழு கூடிற்று. பாரிசில் ராபர்ட் ஜூடேயும் எமில் லெதூர்னெலும் தொடைத்தலை பொருந்தும் கிண்ணத்தின் முறிவுகளை வகைப்படுத்தி 1964இல் வெளியிட்டனர். சுசுருதர் கைவிட்ட நோயாளியை எழுப்பி நடக்கவிட்டவர்கள் இவர்களும் இவர்தம் மாணவர்களும். மாமா நான்காம் திங்களில் ஆலைக்குத் திரும்பினார். நன்றி மறத்தல் தகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடையெலும்பு கூடினால் அசைவற்று ஒன்றாகிவிடும். இடுப்பின் முன் இணைப்போ, பிறவியிலேயே சற்று அசைவதற்கென்று அமைந்தது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது மில்லிமீட்டர்க் கணக்கில் இடம் மாறுகிறது. அசைய வேண்டிய இடத்தில் அசையாத இரும்பைப் பூட்டினால், நாளடைவில் இரும்புதான் தோற்கும். ஒரே கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டேயிருந்தால் இற்றுவிடுவதைச் சிறுவர்களும் அறிவர். சில ஆண்டுகளில் திருகாணி தளர்ந்தோ தகடு முறிந்தோ எக்ஸ்-ரேயில் தெரிவது அரிதன்று. பெரும்பாலோருக்கு அதனால் எத்தொல்லையும் விளைவதில்லை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறோம். தகடு வைத்த அன்பர் எவரும் இதைப் படித்துவிட்டு இன்றிரவு தூக்கம் இழக்க வேண்டியதில்லை. ஒரு சிலருக்கு மட்டும், தளர்ந்த திருகாணி பின்னோக்கிக் கழன்று அந்த இடுக்கில் இறங்கி, நாள்தோறும் நிரம்பியும் சுருங்கியும் வரும் நீர்ப்பையின் சுவரில் உராயத் தொடங்குகிறது. உராய்ந்து உராய்ந்து ஒரு நாள் உள்ளே நுழைந்துவிடுகிறது.

2011இல் மாமா வேண்டுதலின்படி அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறினார். நாங்களும் உடன் சென்றோம். 2003 அக்டோபர் 1 அன்று, அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு சென்ற வண்டியின்மீது அலிபிரியில் கண்ணிவெடித் தாக்குதல் நடந்தது. அதன்பின் அங்கே சோதனை கடுமையாகிவிட்டது. உலோகம் கண்டறியும் வாசலை நெருங்கியதும் மாமா தயங்கினார். உடம்பிலுள்ள இரும்பு கத்திவிடுமோ, பலர் முன்னிலையில் வேட்டியை அவிழ்த்துத் தழும்பைக் காட்ட நேருமோ என்று அவருக்கு அச்சம். கருவி ஓசை எழுப்பவில்லை. இத்தகைய சிறு தகடுகளை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மாமா மகிழ்ந்து, "பார்த்தாயா, இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது!" என்றார். தெரியாமல் இருப்பதில் அவருக்கு அத்துணை நிம்மதி.

2015ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிற்று. நீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி எழுதல், சில நாள் நிறம் மாறுதல். இதற்கு நம் வீடுகளில் ஆயத்தமாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: சூடு. சூட்டுக்கு மோர், வெட்டிவேர் ஊறிய நீர், பார்லிக் கஞ்சி, தொப்புளில் விளக்கெண்ணெய். தமக்கை இவை அனைத்தையும் செய்தாள். ஆலையில் வெயிலும் ஆவியும் மிகுதி, மாம்பழமும் சூடு, ஆகவே பொருத்தமான விளக்கம்தான். பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகள். பின்னர் ஒரு மருத்துவர், அவர் போதாதென்று இன்னொருவர். கிருமிகொல்லி உண்டால் பத்து நாள் நலம், மீண்டும் அதே கடுப்பு. இப்படியே ஓராண்டுக்கு மேல் சென்றது.

ஒவ்வோரிடத்திலும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது: சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, முன்பு 'ஆபரேஷன்' ஏதேனும் நடந்ததா? இல்லை, இல்லை, இல்லை என்று மாமா விடையளித்திருக்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சிறுநீர் பற்றிக் கேட்கும்போது எலும்பு எதற்கு என்பது அவர் எண்ணம். வயிற்றைக் கிழித்தால்தானே ஆபரேஷன், பிளேட் வைப்பது வேறு! கேட்டவர்களும் சட்டையைச் சற்று உயர்த்தி அடிவயிற்றின் குறுக்கே கிடந்த தழும்பைப் பார்க்கவில்லை. தெலுங்கில் கேட்டதற்குத் தமிழில் நினைத்து, அரைகுறை ஆங்கிலத்தில் விடை சொல்வதில் எத்தனை செய்தி வழியில் சிந்திவிடுகிறது! அயலூரில் வாழும் நம்மவர்க்கு இது நன்கு தெரியும். சந்தையில் விலை பேசவும் பள்ளியில் மகனைச் சேர்க்கவும் போதுமான மொழி, 'இரண்டாவது முறை நீர் பிரியும்போது அடியில் குத்துகிறது' என்று சொல்லப் போதாது. தாய்மொழியிலேயே அதற்கு நாம் 'ஒன்றுக்கு' என்று எண்ணைச் சொல்லி ஒளிந்துகொள்கிறோம். பிறமொழியில் எங்ஙனம் வாய் வரும்?

மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. அந்த ஆண்டில் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தலைவருக்கு 'அந்த இடத்தில் நோய்' என்று பேச்சு எழக்கூடாது என்று மாமா கருதினார். விபத்துக்குப் பின்னர் இல்லறத்திலும் அவருக்கு ஒரு தளர்ச்சி இருந்ததைத் தமக்கை நெடுநாள் கழித்து எம் மனைவியிடம் சொன்னாள். இடுப்பு முறிந்த ஆடவர்களுக்கு, குறிப்பாகக் குழாயும் அறுந்தவர்களுக்கு, நரம்பும் குருதி நாளமும் காயமுறுவதால் இது நேர்வதுண்டு, மருத்துவமும் உண்டு. எட்டாண்டு காலம் இருவரும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, ஒருவரோடொருவரும் பேசிக்கொள்ளவில்லை.

2017 பங்குனியில் ஓர் இரவு தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, மாமா ராத்திரியில் ஏழெட்டுத் தரம் எழுந்திருக்கிறார். இன்றைக்குப் பாத்ரூமில் இரத்தம் பார்த்தேன்டா. கேட்டால் பீட்ரூட் சாப்பிட்டேன் என்கிறார். நான் சமைக்காத பீட்ரூட் எங்கிருந்து வந்தது?" என்றாள்.

திருப்பதியில் அலிபிரிச் சாலை ஒரு மருத்துவச் சாலையும் ஆகும். ருயா அரசு மருத்துவமனை, 1993இலிருந்து நோயாளிகளை ஏற்றுவரும் வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனம், போலியோவால் கால் முடங்கிய எத்தனையோ சிறுவர்களை நிமிர்த்திய 'பர்டு' எலும்பு மருத்துவமனை, எல்லாம் அப்பக்கத்திலேயே. மலையேறுவோர் கூட்டமும் நோயாளிகளின் கூட்டமும் ஒரே பேருந்தில் வந்து, வெவ்வேறு நிறுத்தங்களில் இறங்குகின்றன. எலும்புக்கு ஒரு மனை, நீர்ப்பைக்கு ஒரு மனை என்று எந்தப் பெருநகரிலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கலை வளர வளரப் பிரிவதும் இயல்பே. ஒரு மனையிலிருந்து மறு மனைக்குச் செய்தி கொண்டு போவதற்கு வேலையாள் நியமிக்கப்படவில்லை. அவ்வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருக்கிறது.

அந்தப் பை தமக்கை வீட்டில் பரண்மேல், தீபாவளிப் பாத்திரங்களுக்கு அடியில் இருந்தது. மருமகன் ஏறி எடுத்தான். 2009ஆம் ஆண்டின் எக்ஸ்-ரே படத்தில் ஆறு திருகாணிகளும் வரிசையாக நின்றன. மறுநாள் எடுத்த புதுப்படத்தில் தகட்டில் ஐந்துதான். ஆறாவது, தகட்டுக்குச் சற்று மேலே, சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிப் புளியங்கொட்டை அளவில் ஒரு வெண்ணிழல். இரண்டு படங்களையும் அருகருகே ஒளிப்பலகையில் வைத்த இளம் மருத்துவர் ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் நின்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "ஐயா, இது எலும்பில் இல்லை, உங்கள் நீர்ப்பைக்குள் இருக்கிறது" என்று தமிழிலேயே சொன்னார். நெல்லூர்ப் பிள்ளை, வேலூரில் படித்தாராம்.

வெண்ணிழல் கல். நீர்ப்பைக்குள் அயற்பொருள் எது நுழைந்தாலும், சிறுநீரிலுள்ள உப்புகள் அதன்மேல் படியத் தொடங்கும். கிணற்றில் விழுந்த குடத்தின்மேல் பாசி படர்வதுபோல. யூரியாவைச் சிதைக்கும் கிருமிகள் சேர்ந்துகொண்டால் கல் இன்னும் விரைந்து வளரும். அக்கல்லின் பொந்துகளில் கிருமி ஒளிந்துகொள்வதால் எந்த மாத்திரையும் அதை அடியோடு அழிப்பதில்லை. பத்து நாள் நலமும் மீண்டும் கடுப்பும் என்ற சுழற்சியின் மறைபொருள் அன்றுதான் வெளிப்பட்டது. மேக்ஸ் நிட்சே என்னும் செருமானியர் 1877இல் காட்டிய நீர்ப்பை நோக்கியின் வழிவந்த கருவியை உள்ளே செலுத்தி, திரையில் எங்களுக்கும் காட்டினார்கள். இளஞ்சிவப்புச் சுவரின் நடுவே மஞ்சளேறிய ஒரு கட்டி. அதன் ஒரு புறத்தில் திருகின் மரைகள், இன்னும் பளபளப்பாக!

இது மாமாவுக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. உலகின் மருத்துவ இதழ்களில் இத்தகைய நோயாளிகள் அவ்வப்போது இடம்பெறுகின்றனர். முன் இணைப்பைத் தகட்டால் பூட்டி ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், ஒருவர் சிறுநீர் கழிக்கையில் திருகாணி ஒன்று தானாகவே வெளியே வந்து விழுந்ததை, 2003இல் 'யூராலஜி' என்னும் இதழில் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதர் கழிப்பறையில் அவ்வோசையைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்! ஒன்பது ஆண்டு என்பதைத்தான் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தையல் பிரித்த அன்றே கதை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஒன்பது ஆண்டில் ஊர் மாறுகிறது, வேலை மாறுகிறது, மருத்துவர் ஓய்வு பெறுகிறார், பரண் மாறுகிறது. இரும்பு மட்டும் அங்கேயே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சித்தூரை அடுத்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீசை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டு வடம் முறிந்து கால்களின் இயக்கத்தை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தவர். அவருடைய முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தண்டு வடம் முறிந்தோரை ஒரு காலத்தில் கொன்றது முறிவு அன்று, அதன் பின்னே வந்த நீர்ப்பை, சிறுநீரகக் கேடுகள்தாம். ஆகவே நடை பழக்குவதோடு சிறுநீர் கழிக்கப் பழக்குவதையும் மறுவாழ்வு மருத்துவம் தலையாய பாடமாகக் கொண்டது. எலும்பும் நீரும் ஒரே உடம்பில் இருப்பதைத் தம் உடம்பிலேயே கற்ற ஒருவருக்கு அதை வேறெவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமாவுக்கு அறுவை நடந்த அன்று இரு துறையினரும் ஒன்றாக நின்றனர். பழைய தழும்பின் வழியே திறந்து, நீர்ப்பையிலிருந்து கல்லையும் திருகாணியையும் எடுத்து, துளையைத் தைத்தார் ஒருவர். கிருமி படிந்த நீர் தொட்ட தகட்டை உள்ளே விட்டுவைத்தல் ஆகாது. எலும்பும் எட்டாண்டில் உறுதிப்பட்டுவிட்டது. எனவே தகட்டையும் மற்ற ஐந்து ஆணிகளையும் கழற்றினார் மற்றவர். இரண்டு வாரம் குழாய். பின்னர் மருந்து செலுத்திப் படம் எடுத்து, கசிவில்லை என்று கண்டபின் குழாயை நீக்கினார்கள். அன்றிரவு மாமா ஒரே ஒரு முறைதான் எழுந்தார். தமக்கை எண்ணிக்கொண்டு விழித்திருந்தாள்.

மகளின் திருமணம் அடுத்த தை மாதம் நடந்தது. சம்பந்தி வீட்டாரிடம் மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தி சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தமக்கும் ஓராண்டாக நீர் சரியாகப் போவதில்லை என்று தாழ்ந்த குரலில் கேட்டாராம், "நீங்கள் பார்த்த டாக்டர் யார்?" என்று.

இன்று எம் குடும்பத்தில் உடம்பில் உலோகம் உள்ளவர்கள் மூவர். ஒவ்வொருவருக்கும் தமக்கை ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறாள். எந்த ஆண்டு, எந்த எலும்பு, எத்தனை ஆணி, எந்த மருத்துவமனை என்று ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் அவள் பேரன் ஆங்கிலத்தில். அட்டையின் அடியில் அவளே சேர்த்த வரி ஒன்று உண்டு: 'ஒன்றுக்குப் போவதில் தொல்லை வந்தால் இதையும் காட்டவும்.' அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதைக் காட்டிலும் தெளிவான மருத்துவக் குறிப்பை நாம் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் கழற்றிய தகட்டையும் ஆணிகளையும் ஒரு சிறு புட்டியில் இட்டு மாமாவிடமே கொடுத்துவிட்டார்கள். அவற்றை ஏழுமலையான் உண்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. "பொன்னும் பணமும் போடுகிற இடத்தில் பழைய இரும்பையா போடுவீர்கள்?" என்று தமக்கை தடுத்துவிட்டாள். வழக்கு இன்னும் தீரவில்லை. புட்டி, சமையலறை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்கு அருகே இருக்கிறது.